அவள் காப்பு என் கையில்

எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து அம்மன் திருவிழாவுக்கு நான் ஒவ்வொரு வருஷமும் போவதுண்டு. கடைசி நாள் காலையில் போய், தீச்சட்டி ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலமே ஜோகூர் பாருவுக்குத் திரும்பிவிடுவேன். பக்தி என்றெல்லாம் சொல்ல முடியாது. எனக்கும் அம்மனுக்கும் பேச்சுவார்த்தை கொஞ்சம் குறைவு. கூடப் படித்தவர்களைப் பார்க்கத்தான் போவேன். இந்த முறை கடைசி நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முந்தின நாள் என் தோழியின் வீட்டுக்காரர் போன் செய்திருந்தார்.

“அவ கால் அழுகுதும்மா. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கறா. நான் சொன்னா கேக்க மாட்டா. நீ வந்து திட்டினா கேப்பா” என்றார். நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார். அவள் பக்கத்தில் வந்திருக்க வேண்டும்.

அவளும் நானும் ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடு. எங்கள் அம்மாக்கள் ரப்பர் பால் வெட்டப் போனபோது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிலில் கிடந்தோம் என்பார்கள். நான் கல்யாணமாகி வெளியேறி, இப்போது சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தினமும் கடல்பாலம் தாண்டுகிற பிழைப்பு. அவள் தோட்டத்தை விட்டு நகரவே இல்லை. ரப்பர் மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது, லயங்களை இடித்தார்கள், கோயிலுக்குப் பின்னால் இரண்டு வரிசை சின்ன வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அதில் ஒன்றில் இருக்கிறாள். இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, அவளுக்குப் பல வருஷமாக உண்டு. மருந்தை வேளைக்குப் போடமாட்டாள். கேட்டால், வயிறு நிறைய மருந்துதான் இருக்கிறது, சோறு போக இடமில்லை என்பாள்.

ஆயர் ஈத்தாம் தாண்டி, பத்து பாகாட் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குப் பிரியும் முனையில் ரோட்டோரமாக ஒரு ஒட்டுக்கடை. அங்கே அவள் வீட்டுக்காரர் எனக்காகக் காத்திருந்தார். வாங்கிய தே தாரிக் டீ ஆறிப்போய் முன்னால் இருந்தது. நடந்ததை அவர் சொன்னார். செருப்பு கடித்த புண்ணாம். சுண்டுவிரல் பக்கம். மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறாள். விரல் கறுத்த பிறகுதான் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போக முடிந்தது. அவர்கள் பார்த்ததும், இங்கே ஒன்றும் செய்ய முடியாது, இன்றைக்கே பத்து பாகாட் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துவிடுங்கள், தாமதித்தால் காலே போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். இவளும் தலையை ஆட்டியிருக்கிறாள். துணிமணி எடுத்துக்கொண்டு போகலாம் என்று வீட்டுக்கு வந்தவள், நேராகக் கோயிலுக்குப் போய்விட்டாள். அன்றைக்குத்தான் காப்புக் கட்டு. அது நடந்து ஒரு வாரமாகிறது.

“போறேன் போறேன்னு சொல்லிட்டு, அங்க போய் கைய நீட்டிட்டாம்மா” என்றார் அவர்.

திருவிழா தொடங்கும் நாளில் வேண்டுதல் உள்ளவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைக் கட்டிக்கொள்வார்கள். அதுதான் காப்பு. கட்டியவர்கள் கவிச்சி தொடக்கூடாது, துக்க வீட்டுக்குப் போகக்கூடாது. தீச்சட்டி எடுப்பவர்களுக்கு இன்னும் கடுமை. திருவிழா முடிந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காப்பை அவிழ்க்கிற வரைக்கும் எல்லை தாண்டவே கூடாது. எங்கள் தோட்டத்துக்கு எல்லை என்பது சுங்கைக்கு, அந்தச் சின்ன ஆற்றுக்கு, மேலே போட்டிருக்கும் பாலம். ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஊதுபத்திப் புகை மூச்சை அடைத்தது. மூலைக்கு மூலை கொளுத்தி வைத்திருந்தாள். அந்தப் புகைக்குக் கீழே இன்னொரு வாடை இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அவள் கணுக்கால் மறைய கைலி கட்டிக்கொண்டு, அடுப்படியில் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். திருட்டுத்தனம் செய்தால் அவளுக்கு ஒரு சிரிப்பு வரும், அதுதான்.

சாம்பார் வைத்திருக்கிறேன், அப்பளம் பொரித்துக்கொண்டிருக்கிறேன், முதலில் சாப்பிடு என்றாள். காலைக் காட்டு என்றேன். சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்றாள். நான் அடுப்பை அணைத்தேன். அவள் மறுபடி பற்ற வைத்தாள். மறுபடி அணைத்தேன். ஐம்பது வயது தாண்டிய இரண்டு பொம்பளைகள் கேஸ் அடுப்புத் திருகைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததை வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவளே நாற்காலியில் உட்கார்ந்து கைலியை விலக்கினாள்.

இரண்டு விரல் கரியாக இருந்தன. புறங்கால் வீங்கிப் பளபளத்தது. சிவப்பு கணுக்காலைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கியிருந்தது. பயந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். என்னென்னவோ திட்டினேன். மூளை இருக்கிறதா என்றேன், நீ செத்துப்போனால் அம்மன் வந்து இவருக்குச் சோறு பொங்கிப் போடுமா என்றேன். அவள் எல்லாவற்றையும் மழையில் நிற்கும் மாடு மாதிரி வாங்கிக்கொண்டாள். நான் ஓய்ந்த பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“என் பேத்தி ஏழு மாசத்துல பொறந்து கண்ணாடிப் பெட்டில கெடந்தப்ப என்ன வேண்டிக்கிட்டேன்னு உனக்குத் தெரியும். மூணு வருஷம் சட்டி எடுக்கறேன்னு சொன்னேன். ரெண்டு எடுத்துட்டேன். பிள்ளை இப்ப ஓடியாடுது. மூணாவதுல பாதில கைய உதறினா, சாமி யாருகிட்ட கேக்கும்? என்கிட்டயா கேக்கும்?”

மூட நம்பிக்கை என்று சொல்லலாம். சொன்னேன். அந்த வார்த்தை அவள் மேல் ஒட்டவே இல்லை. பினாங்கில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு இப்போதே சொல்கிறேன் என்று மிரட்டினேன். அவள் வந்தாலும் இதையேதான் சொல்வேன், சின்னப் பிள்ளையோடு அவளை வேறு அலைக்கழிக்காதே என்றாள். ஒரு வாரந்தானே, சட்டியை இறக்கி வைத்துவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னாள். அந்தக் காலோடு தார் ரோட்டில் நெருப்பைக் கையில் ஏந்திக்கொண்டு நடப்பாளாம்.

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கோயிலுக்கு நடந்தேன். பூசாரியும் எங்களோடு ஒரே வகுப்பில் படித்தவன்தான். மற்ற நாளில் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவன், திருவிழாவுக்கு லீவு போட்டுவிட்டுச் சாமியாகிவிடுவான். பள்ளிக்கூடத்தில் வாடா போடா என்றுதான் பேசுவோம். இப்போது அவன் கழுத்து உருத்திராட்சத்தைப் பார்த்தால் அந்த ‘டா’ தொண்டையில் நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை.

அவள் காலைப் பார்த்துவிட்டுத்தான் கட்டினாயா என்று கேட்டேன். கூட்டத்தில் கைலிக்குக் கீழே யார் பார்த்தார்கள், நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது என்றான். அப்படியானால் இப்போதே அவிழ்த்துவிடு என்றேன். கட்டுகிற உரிமைதான் தனக்கு, அவிழ்க்கிற உரிமை அம்மனுக்கு என்றான். அவன் முகமும் தூங்காத முகமாக இருந்தது. அவள் நடக்கும்போது விழுந்துவிடுவாளோ என்ற பயம் அவனுக்கும் இருந்திருக்கிறது. கடைசியில், பூ கேட்டுப் பார்க்கலாம், அம்மன் சரி என்றால் அவிழ்த்துவிடலாம், அவளும் ஒத்துக்கொள்வாள் என்றான்.

பூ கேட்பது என்றால், வெள்ளைப் பூவை ஒரு வாழையிலைத் துண்டிலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் மடித்து அம்மன் காலடியில் போடுவது. கேட்கிறவர் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. எங்கள் தோட்டத்தில் கல்யாணத்திலிருந்து கார் வாங்குவது வரைக்கும் இப்படிக் கேட்டவர்கள் உண்டு.

நான் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னேன். “ரெண்டுலயும் வெள்ளையே வைடா.”

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “அப்பறம் என்னாத்துக்குக் கேக்கணும்? நாமளே சொல்லிக்கலாமே” என்றான். வைப்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டான்.

சாயங்கால பூசை முடிந்ததும் அவளைக் காரில் வைத்துக் கோயில் வாசல் வரைக்கும் கொண்டுவந்தோம். வீட்டுக்காரர் ஒரு தோளையும் நான் ஒரு தோளையும் பிடித்துக்கொண்டோம். அவள் உடம்பு கொதித்தது. காய்ச்சல் வந்துவிட்டிருந்தது. பூசாரி இரண்டு பொட்டலத்தையும் காலடியில் போட்டுவிட்டு, காப்பை அவிழ்த்துக்கொண்டு இவள் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா தாயே என்று சத்தமாகக் கேட்டான். அவள் குனிந்தாள். அவள் கை எந்தப் பொட்டலத்துக்குப் போகிறது என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. பிரித்தாள். சிவப்பு.

அரளிப் பூ. நான் பூசாரியைப் பார்த்தேன், அவன் தரையைப் பார்த்தான். நான் சொன்னபடி அவன் செய்யவில்லை. எனக்கு அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் நெஞ்சு இறங்கிப்போனது. அவள் முகத்தில் நிம்மதி இருந்தது. இனி யாரும் அவளை ஒன்றும் கேட்க முடியாது. நானேதான் போய் இந்த வழியையும் அடைத்துவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்காரர் தூணில் சாய்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

யோசித்துப் பேசுகிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. வாய் முந்திக்கொண்டது.

“சரி, இன்னொண்ணு கேளு. இவளுக்குப் பதிலா நான் சட்டி எடுக்கறேன். இவ காப்ப என் கையில கட்டலாமான்னு கேளு.”

கோயிலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒரு பெரியவர், ரத்த சம்பந்தம் இல்லாமல் அப்படிக் கட்டுகிற வழக்கமில்லை என்று முனகினார். வழக்கம் இருக்கிறதா இல்லையா என்று அம்மனே சொல்லட்டும் என்றேன். பூசாரி உள்ளே போனான். இந்த முறை பூவை மடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டுதான் மடித்தான். அவன் என்ன செய்தான் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அவள் எடுத்தாள். வெள்ளை.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். “உனக்குக் கோவம் வந்தா எதையும் பாதில விட்டுட்டுப் போயிருவ. இத விட மாட்டேன்னு சொல்லு. என் பேத்தி மேல கைய வச்சு சொல்ற மாதிரி சொல்லு. அவுக்கற வரைக்கும் பாலம் தாண்டக் கூடாது.”

சொன்னேன். அவள் மணிக்கட்டுக் கயிறு அவிழ்ந்து என் மணிக்கட்டுக்கு வந்தது. வியர்வையில் ஈரமாக இருந்தது.

ஐந்து நிமிஷத்தில் அவர்கள் காடி கிளம்பிவிட்டது. வீட்டுக்காரர் ஓட்ட, அவள் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். நானும் ஏறப்போனேன். கதவைப் பிடித்த பிறகுதான் உறைத்தது. அவளைக் கூட்டிக்கொண்டு போகவே ஜோகூர் பாருவிலிருந்து வந்தவள் நான். இப்போது அவள் போகிறாள், நான் போக முடியாது. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்பார்களே, அதுதான். பாலம் வரைக்கும் பின்னாலேயே நடந்து போய் நின்றேன். பின் கண்ணாடியில் அவள் கை மட்டும் தெரிந்தது.

அன்றிரவு கிடங்கு மேனேஜருக்குப் போன் செய்து ஒரு வாரம் லீவு வேண்டும் என்றேன். யார் செத்தது என்று கேட்டார். இன்னும் யாரும் சாகவில்லை என்றேன். லீவு கொடுத்துவிட்டார்.

அந்த வாரம் எப்படிப் போனது என்று நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. அவள் வீட்டில், அவள் பாத்திரத்தில் உப்பில்லாத கஞ்சி காய்ச்சிக் குடித்தேன். வீட்டுக்காரர் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் இருட்டிய பிறகு வருவார். ஞாயிற்றுக்கிழமை, மருந்து ஏற்றுகிறார்கள் என்றார். திங்கட்கிழமை, காய்ச்சல் இறங்கியிருக்கிறது என்றார். செவ்வாய்க்கிழமை வந்தவர் சாப்பிடவில்லை. கேட்டதற்கு, ஆஸ்பத்திரி கேண்டீனில் தின்றுவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்து காடியைக் கழுவ ஆரம்பித்தார். சுத்தமாக இருந்த காடி.

கால் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டிருக்கலாம். மேனேஜரிடம், பூசாரியிடம், அம்மனிடமே வாய் நீட்டியவள் நான். அந்த ஒரு கேள்வி மட்டும் எனக்கு வரவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டேன். பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவரும் சுற்றிச் சுற்றியே சொன்னார். வீடியோவில் அவள் வந்தாள். முகமும் தலையணையும் மட்டும் தெரிந்தன. விரதத்தை ஒழுங்காக இருக்கிறாயா, வேப்பிலை யார் பறிக்கிறார்கள், சட்டிக்கு அடியில் இலையைக் கனமாக வை என்று எனக்குப் பாடம் நடத்தினாள். போனைக் கொஞ்சம் கீழே காட்டு என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். நர்ஸ் வருகிறாள் என்று வைத்துவிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் எனக்குப் பொறுக்கவில்லை. பாலம் வரைக்கும் காரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். பத்து பாகாட் அரை மணி நேரம்கூட இல்லை. போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தால் யாருக்குத் தெரியும்? எனக்கு நம்பிக்கை இல்லாத ஒரு கயிறு. ஆனால் அவளுக்கு இருக்கிறது. நான் தாண்டிய பிறகு பினாங்கில் அந்தப் பிள்ளைக்கு ஒரு சளி பிடித்தால்கூட அவள் என்னைப் பார்க்கிற பார்வை வேறாகிவிடும். அவள் பார்க்காவிட்டாலும் நானே அப்படிப் பார்த்துக்கொள்வேன். காரைத் திருப்பிக்கொண்டு வந்தேன். வழி நெடுக அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை சட்டி எடுத்தேன். சுங்கையில் குளித்து, மஞ்சள் துணி கட்டி, உள்ளங்கையில் வேப்பிலையைப் பரப்பி நின்றபோது பூசாரி சட்டியை வைத்தான். பக்தி வந்தால் சூடு தெரியாது என்பார்கள். எனக்கு நன்றாகவே தெரிந்தது. சட்டியின் சூட்டை இலை தாங்கிக்கொண்டது, தார் ரோட்டின் சூட்டைத் தாங்க ஒன்றுமில்லை. தினமும் ஷூ போட்டு நடக்கிற கால். செம்பனை நிழல் முடிந்த இடத்தில் ஒவ்வோர் அடிக்கும் கண்ணில் நீர் வந்தது. சாமி வந்துவிட்டது என்று யாரோ குலவையிட்டார்கள். நான் அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தச் சூட்டில் அந்தக் காலை வைத்திருப்பாளே, உணர்ச்சி இல்லாத கால், வெந்தாலும் தெரிந்திருக்காதே என்று நினைத்துக்கொண்டே நடந்து கோயிலில் சட்டியை இறக்கினேன்.

மண்டபத்து ஓரத்தில் உட்கார்ந்து கால் கொப்புளத்துக்கு யாரோ கொடுத்த தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவள்தான். வீடியோ இல்லை.

“கால் எப்படிடி இருக்கு?” என்று கேட்டாள்.

வாரம் முழுவதும் நான் கேட்க முடியாமல் வைத்திருந்த கேள்வி. கொப்புளந்தான், ஆறிவிடும் என்றேன். பிறகு கேட்டேவிட்டேன். “உன் கால்?”

அவள் தலையணையை நகர்த்திக்கொள்கிற சத்தம் கேட்டது.

“செவ்வாக்கெழமையே எடுத்துட்டாங்க. முட்டிக்குக் கீழ. ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா வெரலோட போயிருக்கும்னு டாக்டர் சொன்னாங்க.”

மண்டபத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டதாக ஞாபகம்.

“சொல்லியிருந்தா நீ அன்னைக்கே பாலத்தத் தாண்டி வந்திருப்ப. உன்ன எனக்குத் தெரியாதா? அவர்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். அவர ஒண்ணும் திட்டாத லா, பாவம்.”

எனக்கு வந்தது துக்கமில்லை, கோபம். அவள் மேல், அவர் மேல், அவளைக் கண்ணை மூடிக்கொண்டு காப்புக் கட்ட விட்ட எல்லார் மேலும், ஒரு வாரம் அந்தப் பக்கம் அவளைத் தனியாகக் காலை இழக்க விட்டுவிட்டு இந்தப் பக்கம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த என் மேலும். இப்போதே வருகிறேன் என்று எழுந்தேன்.

“உக்காரு” என்றாள், எழுந்ததைப் பார்த்தவள் மாதிரி. “காப்பு இன்னும் கையிலதான இருக்கு? நாளைக்குக் காலைல மஞ்சத் தண்ணி ஊத்தி அவுத்த பெறகு வா. அவசரப்படாத. நான் எங்க ஓடிடப் போறேன்?”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். பூசாரி சாப்பாட்டு இலையை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

அன்றிரவு நான் தோட்டத்திலேயே படுத்தேன். அம்மனிடம் எனக்குப் பயம் கிடையாது. அவளிடம் உண்டு.